மல்டு ஒயினுக்கு எந்த பாட்டிலை வாங்குவது? வாசகர் கேள்வி பதில்

மார்கழி பிறந்து ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி படிய ஆரம்பித்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி மல்டு ஒயினைப் பற்றித்தான், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பதில் எழுதுகிறேன். மது தொடாதவர்களும் கடைசி வரை படியுங்கள், உங்களுக்கும் ஒன்று இருக்கிறது.

அக்கா, ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பி இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறான். அங்கே கிறிஸ்துமஸ் சந்தையில் விற்கிற சூடான மசாலா ஒயினை வீட்டில் செய்து தரச் சொல்கிறான். கடையில் பார்த்தால் வரிசையாக சிவப்பு ஒயின் நிற்கிறது, எதை எடுப்பது என்றே தெரியவில்லை. விலை கூடினதை வாங்கினால் நன்றாக வருமா?
– வாசகி, குன்னூர்

விலை கூடினதை வாங்காதீர்கள் தங்கச்சி. இருப்பதிலேயே மலிவானதும் வேண்டாம். நடுவில் நில்லுங்கள்.

ஒரு ஒயினின் விலை ஏறுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அதை ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்திருப்பது. அந்த மரத்திலிருந்து வனிலா மாதிரி, புகை மாதிரி, வறுத்த காபிக்கொட்டை மாதிரி மெல்லிய மணங்கள் ஒயினில் இறங்கும். நீங்களோ பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை என்று எல்லாம் போட்டு அந்த மணத்தை மூடப் போகிறீர்கள், அப்புறம் அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? மூடினாலும் பரவாயில்லை, சில சமயம் மரவாடை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் சேர்ந்த முதல் டிசம்பரில், நல்லதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் பீப்பாயில் ஊறிய ஒயின் நான்கு பாட்டிலை ஒரே பாத்திரத்தில் ஊற்றினேன். கிராம்பும் மரமும் சேர்ந்து கசந்து, எவ்வளவு சர்க்கரை போட்டும் சரியாகவில்லை, விருந்தாளிகள் பாதிக் கோப்பையிலேயே வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் போன நான்கு பாட்டிலும் தனியாகக் குடித்திருந்தால் அருமையாக இருந்திருக்கும் என்பதுதான் இன்றுவரை எனக்கு வருத்தம்.

இரண்டாவது விஷயம் துவர்ப்பு. தேயிலைத் தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீத்தூளைப் போட்டு மறந்துபோய் பத்து நிமிஷம் கொதித்த சாயத்தை வாயில் வைத்தால் நாக்கையும் ஈறையும் பிடித்து இழுக்குமே, அதே குணம்தான் சிவப்பு ஒயினிலும் இருக்கிறது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது, டானின் என்று சொல்வார்கள். பட்டையிலும் கிராம்பிலும் கூட அது உண்டு. அதனால் ஏற்கெனவே துவர்ப்பு அதிகமுள்ள ஒயினை எடுத்து அதில் மசாலாவையும் போட்டால் வாய் வறண்டுபோகும். நமக்கு வேண்டியது பழச்சுவை நிறைய, துவர்ப்பு குறைவு, பீப்பாய் வாசம் இல்லாத, இனிப்பில்லாத சிவப்பு ஒயின். ரொம்பத் தண்ணீராகவும் இருக்கக் கூடாது, மசாலா ஏறியதும் ஒயின் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

திராட்சையின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். என் முதல் தேர்வு மெர்லோ. பிளம்ஸ் பழத்தை நினைவுபடுத்தும், துவர்ப்பு மென்மையாக இருக்கும், மசாலாவோடு சண்டைக்கு வராது. அடுத்தது ஷிராஸ், அதற்கே இயல்பாக லேசான மிளகு வாசம் இருப்பதால் இந்த வேலைக்குப் பொருத்தம். ஜின்ஃபாண்டல் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், ஆனால் சிவப்பா என்று பாருங்கள், ரோஸ் நிறத்திலும் அதே பெயரில் வரும். வெளிநாட்டு பாட்டில் யாராவது கொண்டுவந்தால் கிரெனாஷ், ஸ்பெயின்காரர்கள் கர்னாச்சா என்பது, ரொம்ப நன்றாக வரும். கேபர்னே சாவின்யோன் மட்டும் தனியாக இருப்பதை விட்டுவிடுங்கள், அதில் துவர்ப்பு தூக்கல். ஷிராஸோடு கலந்து வருவது பரவாயில்லை.

நம் கடைகளில் பெரும்பாலும் நாசிக் பக்கத்து ஒயினும் பெங்களூருக்கு அந்தப் பக்கம் நந்தி மலை அடிவாரத்து ஒயினும்தான் இருக்கும். சூலா என்ற நாசிக் நிறுவனத்தின் சாதாரண ஷிராஸ் கேபர்னே இந்த வேலைக்குப் போதும், சதோரி மெர்லோ இருந்தால் அது இன்னும் நல்லது. அதே நிறுவனத்தின் டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ், நந்தி மலைப் பக்கத்து குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் இரண்டும் ஓக் பீப்பாயில் வைத்தவை, அவற்றை மசாலா போடாமல் சாப்பாட்டோடு குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பெயர் கடையில் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். பாட்டிலைத் திருப்பிப் பின்னால் உள்ள லேபிளைப் படியுங்கள். ரிசர்வ், ஓக், பேரல் என்ற சொற்கள் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்த புது ஒயினாக எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பது. நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாடை வந்தால் அந்த பாட்டில் கெட்டது, மசாலா அதை மறைக்காது. வினிகர் மாதிரி புளித்திருந்தாலும் அதேதான். சும்மா குடிக்கவே சுமாராக நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் சரி, அந்த அளவு போதும்.

உங்கள் தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அவர் அங்கே குடிப்பது க்ளூவைன். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், பட்டை அல்லது கிராம்பு முக்கியமான வாசனையாக இருக்க வேண்டும், தண்ணீர் கலந்து பெருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதியே இருக்கிறது. அதனால் மசாலாக்கடையையே பாத்திரத்தில் கொட்ட வேண்டாம், பட்டையும் கிராம்பும் முன்னால் நின்றால் அவருக்கு அந்தச் சந்தை ஞாபகம் வந்துவிடும்.

போர்ட் ஒயின் மலிவாக இருக்கிறது, இனிப்பாகவும் இருக்கிறது. சர்க்கரையும் மிச்சம். அதையே சூடாக்கிக் குடித்தால் என்ன அக்கா?
– வாசகர், ஊட்டி

குடிக்கலாம் தம்பி, ஆனால் நான் செய்ய மாட்டேன். போர்ட் என்பது போர்ச்சுகலில் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்கிற ஒயின், புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையிலிருந்து வடித்த மதுவைச் சேர்த்து நிறுத்துவார்கள், அதனால் இனிப்பும் இருக்கும், ஆல்கஹாலும் 20 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கும். நம் ஊர்க் கடையில் அந்தப் பெயரில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இனிப்பான சிவப்பு ஒயின்தான். பிரச்சினை என்னவென்றால் இனிப்பு உங்கள் கையில் இல்லை. சூடாகும்போது கொஞ்சம் ஆவியாகி மிச்சம் இன்னும் இனிக்கும், ஆரஞ்சுச் சாறும் சேரும், இரண்டாவது கோப்பையில் இருமல் மருந்து ஞாபகம் வரும். இனிப்பில்லாத ஒயினை வாங்கி நீங்களே சர்க்கரை போட்டால் நாக்குக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு பங்கு போர்ட்டுக்கு இரண்டு பங்கு இனிப்பில்லாத சிவப்பு ஒயின் கலந்து, சர்க்கரையே போடாமல், எலுமிச்சை கொஞ்சம் கூட்டிச் செய்யுங்கள்.

நான் செய்தால் ஒவ்வொரு தடவையும் கசக்கிறது. குடித்தால் ஒயின் குடித்த மாதிரியே இல்லை. எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

கொதிக்கவே வைக்கக் கூடாது, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மலை மேல் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெரினாக் கரையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். சுத்தமான ஆல்கஹால் கீழே 78 டிகிரியில் கொதிக்கும், ஊட்டியில் அது 72 பக்கம் இறங்கிவிடுகிறது. ஒயினில் இருக்கும் ஆல்கஹால் தண்ணீரோடு கலந்திருப்பதால் அந்தச் சூட்டில் ஒரேயடியாகப் பறந்துவிடாது, ஆனால் சூடு ஏற ஏற வேகமாகப் போகும், கூடவே பழ வாசனையும் போகும், மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும் மசாலாவின் கசப்பும். கீழே இருப்பவர் எழுதிய செய்முறையில் மெல்லிய தீயில் அரை மணி நேரம் என்று போட்டிருந்தால் நமக்கு அந்தத் தீயே அதிகமாக இருக்கலாம். 60லிருந்து 65 டிகிரிக்குள் நிறுத்துங்கள். வெப்பமானி இல்லையா? ஆவி மெல்ல எழ வேண்டும், பாத்திரத்தின் ஓரத்தில் ஊசி முனை அளவு குமிழ்கூட வரக் கூடாது, வந்தால் உடனே இறக்குங்கள். ஒரு மடக்கு குடித்தால் நாக்கு சுடாமல் தொண்டை வரை கதகதப்பாகப் போக வேண்டும்.

நான் செய்கிற முறை இது. 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர், இரண்டங்குலப் பட்டை இரண்டு, கிராம்பு ஐந்து, ஏலக்காய் இரண்டு நசுக்கியது, அன்னாசிப்பூ ஒன்று, ஆரஞ்சுத் தோல் நீளமாகச் சீவியது நான்கு துண்டு. ஒயின் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், பாகு மாதிரி லேசாகப் பிசுக்கும். மசாலாவுக்குக் கொதி வேண்டும், ஒயினுக்குக் கொதி ஆகாது, அதனால் மசாலாவின் வேலையை ஒயின் வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறோம். அப்புறம் தீயை முழுக்கக் குறைத்து ஒயினை ஊற்றி ஒரு ஆரஞ்சின் சாற்றையும் பிழிந்து மூடி போட்டு இருபது நிமிஷம். வடிகட்டிவிடுங்கள், கிராம்பு உள்ளேயே கிடந்தால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். ஆறு பேருக்கு வரும்.

ஆரஞ்சைச் சீவும்போது வெள்ளைப் பகுதி வரக் கூடாது, உங்கள் கசப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலிருந்து வரும் கமலா ஆரஞ்சு கிடைத்தால் வாசம் தூக்கும், தோல் தொளதொளவென்று இருப்பதால் சீவ முடியாது, உரித்து உள்பக்க நாரைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். பட்டையில் கெட்டியாக மரத்துண்டு மாதிரி இருப்பதைவிட, காகிதம் மாதிரி அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும் சுருள் பட்டை மென்மையானது. அலுமினியக் குண்டானில் செய்யாதீர்கள், ஒயினின் புளிப்பு அதில் பட்டால் உலோக வாடை வரும். எவர்சில்வர் போதும்.

எங்கள் தோட்டத்து மிளகு போடலாமா? என் மகள் அதெல்லாம் ஒயினில் சேர்க்கக் கூடாது என்கிறாள்.
– வாசகர், கூடலூர்

தாராளமாகப் போடுங்கள். உங்கள் மகளிடம் ரோமாபுரிக் கதையைச் சொல்லுங்கள். ரோமானியர்கள் ஒயினில் தேனையும் மிளகையும் போட்டுச் சூடாக்கிச் செய்த ஒரு பானம் உண்டு, குங்குமப்பூவும் பேரீச்சையும் கூட அதில் சேரும். இன்றைய மல்டு ஒயினுக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த மிளகு அவர்களுக்கு எங்கிருந்து போனது? யவனர்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பிய முசிறித் துறையைப் பற்றி நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், கறி என்றால் அங்கே மிளகு. முசிறி இருந்தது மேற்குக் கடற்கரையில், மிளகு விளைந்தது அதன் பின்னால் இருக்கும் மலைச் சரிவுகளில், உங்கள் கூடலூர் சரிவும் அதே மேற்கு மலைத் தொடரில்தான் இருக்கிறது. ஒயினும் மிளகும் சேர்ந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டது, அதனால் நீங்கள் போடுவது புதுப் பழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது.

பாட்டிலுக்கு ஆறேழு மிளகு, ஒன்றிரண்டாகத் தட்டி, பாகு கொதிக்கும்போதே போடுங்கள். பொடியாக்கினால் அடியில் வண்டல் தங்கி கடைசி வாய் காரமடிக்கும். மிளகு போடுகிறீர்கள் என்றால் ஷிராஸ் வாங்குங்கள். சர்க்கரையைக் குறைத்துத் தேன் விடலாம், அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். பர்லியாறு பக்கத்து ஜாதிக்காய் இருந்தால் குடிக்கும்போது மேலே ஒரு இழை சீவிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் திராட்சை, சர்க்கரை, கோதுமை, ஈஸ்ட் போட்டு ஒயின் வைப்போம். அதைச் சூடாக்கலாமா?
– வாசகி, வெலிங்டன்

இந்தக் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பதற்குத் தமிழ்நாட்டில் சட்டம் இடம் தருவதில்லை. பாட்டி காலத்து வழக்கம் என்பது தெரியும், ஆனாலும் அதைச் செய்யச் சொல்லி நான் எழுத முடியாது. சுவை என்று பார்த்தாலும் அது ரொம்ப இனிப்பு, போர்ட்டுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

ஹோம் ஸ்டே நடத்துகிறோம். விருந்தினருக்கு ஆளுக்கு ஒரு கோப்பை கொடுத்து அறை வாடகையோடு சேர்த்துக்கொள்ளலாமா? பக்கத்து மாநிலத்தில் நல்ல ஒயின் கிடைக்கிறதே, அங்கே வாங்கி வரலாமா?
– வாசகர், கொடைக்கானல்

இரண்டும் வேண்டாம். மது பரிமாற உரிமம் வேண்டும், வாடகைக்குள் மறைத்தாலும் அது விற்பனைதான். பக்கத்து மாநிலத்து பாட்டிலை அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் சோதனைச்சாவடியில் மாட்டுவீர்கள். விருந்தினர் தாங்களே சட்டப்படி வாங்கி வந்த ஒயின் என்றால் பாகை மட்டும் செய்து ஒரு குடுவையில் கொடுங்கள், அது வெறும் மசாலாப் பாகு. குடித்தவர்கள் அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சூடாகவும் இனிப்பாகவும் இருப்பதால் ஏறுவது தெரியாது, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நிலையில் யாரும் இறங்கக் கூடாது, இதில் எனக்குத் துளியும் விட்டுக்கொடுப்பு இல்லை.

வெள்ளை ஒயினில் செய்யலாமா?
– வாசகி, கேத்தி

செய்யலாம், ஜெர்மனியிலும் உண்டு. ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த நம் நாட்டு ஒயின் சரியாக இருக்கும். பட்டையைப் பாதியாக்குங்கள், கிராம்பு இரண்டு போதும், இஞ்சி ஒரு துண்டும் ஆப்பிள் நான்கு சீவலும் சேருங்கள். ஓக் விஷயம் இதற்கும் பொருந்தும், பீப்பாயில் வைத்த ஷார்டனே வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் யாரும் மது தொடமாட்டார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கோப்பை நீட்ட ஒன்று சொல்லுங்கள் அக்கா.
– வாசகி, அரவங்காடு

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஜெர்மன் சந்தையில் குழந்தைகளுக்குப் பழச்சாற்றில் இதே மசாலா போட்டுத் தனியாக விற்பார்கள். நமக்கு அதைவிட நல்ல பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், கறுப்பாக, பெயருக்கு ஏற்ற வாசனையோடு இருக்கும்.

ஒரு கிலோ பழத்தை உதிர்த்துக் கழுவிக் கையால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஏழெட்டு நிமிஷம் சூடாக்கினால் தோலின் நிறம் முழுக்க இறங்கிவிடும், துணியில் வடித்து அழுத்தாமல் விட்டுவிடுங்கள். இந்தச் சாறு இனிப்பு, ஒயினில் இருக்கும் அந்தப் பிடிப்பு இதில் இருக்காது. அதற்கு நம் தேயிலைதான் கைகொடுக்கும். ஒரு கரண்டி நல்ல இலைத் தேயிலையில் மூன்று நிமிஷம் ஊறிய டிகாஷன் அரை டம்ளர் சேர்த்தால் லேசான துவர்ப்பு வந்து, குடிப்பவர்களுக்கு வெறும் ஜூஸ் என்று தோன்றாது. குழந்தைகளுக்கு மட்டும் என்றால் தேயிலையை விட்டுவிட்டு நாலைந்து செம்பருத்தி இதழை ஊற வைத்துச் சேருங்கள்.

மசாலாவும் ஆரஞ்சுத் தோலும் மேலே சொன்ன அதே அளவு, சர்க்கரை ஒரு கரண்டி போதும், தேவைப்படாமலும் போகலாம். இதில் ஆல்கஹால் இல்லை என்பதால் மசாலாவோடு சேர்த்துக் கொதிக்க விட்டாலும் தப்பில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றுவதானால் முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், மார்கழிக் குளிரில் அலமாரியிலிருந்து எடுத்த டம்ளரில் சூடாக ஊற்றினால் விரிசல் விடும். எலுமிச்சை அரை மூடி, அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.